முனியை வைத்து அளந்த நிலம்

நிலம் அளக்கும்போது கோல் பிடிக்கும் வேலைக்குப் படிப்பு தேவையில்லை. சொன்ன இடத்தில் அசையாமல் நின்றால் போதும். ஐம்பது வயது வரைக்கும் எந்த இடத்திலும் அசையாமல் நின்றதில்லை என்பதால், என்னை அந்த வேலைக்கு எடுத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாரிட் புந்தாரில் நெல் மூட்டை சுமந்தேன். தைப்பிங்கில் ஒரு கிடங்குக்குக் காவல் இருந்தேன். அங்கே பெய்த மழையில் ஒரு வருடம் என் சப்பாத்து காயவே இல்லை. கேமரன் மலைக்கு உர லாரியில் போனேன், சிங்கப்பூரில் கப்பலின் அடியில் துரு சுரண்டினேன், ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு மங்கு கழுவினேன். யாரும் என்னைத் துரத்தியதில்லை. நானாகவே கிளம்பிவிடுவேன். முதுகு பிடித்துக்கொண்ட பிறகுதான் பிறந்த ஊரான செமோருக்குத் திரும்பி வந்து, பழைய தோட்டத்து ஆட்கள் காய்கறி போடும் இடத்தில், அக்கா ஒருத்தியின் குடிசையில், உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீடு. அந்தக் கணக்கில் தோட்டத்தில் எனக்கு முப்பது அக்கா.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் சுண்ணாம்பு மலை, இன்னொரு பக்கம் ஆறு, நடுவில் தட்டையான நிலம். முன்பு ரப்பர், பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை. செம்பனைக்கு மாறியபோது ஆற்றோரத்து லயங்களை இடித்துவிட்டார்கள். சனம் பெரிய ரோட்டுப் பக்கம் போய்த் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டது. இடித்த லயங்களின் மண்ணில் செம்பனை சரியாக வரவில்லை. சும்மா கிடந்த அந்த மண்ணுக்கு அக்காவும் இன்னும் இருபது குடும்பமும் திரும்பிப் போய் சாவிக்கீரை, கங்குங் கீரை, வெண்டி, பாவக்காய் என்று போட்டார்கள். யாரும் கேட்கவில்லை. முப்பது வருடம் யாரும் கேட்காவிட்டால் நிலம் நம்முடையது என்பது எங்கள் ஆட்களின் சட்ட அறிவு.

பிறகு செம்பனையும் கைமாறியது. வீடு கட்டப் போகிறவர்கள் வந்து, அக்காவின் பாவக்காய்ப் பந்தலுக்குள்ளேயே சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். காய்கறிக்காரர்கள் மனு போட்டார்கள். நில அலுவலகம் ஒரே ஒரு கேள்வி கேட்டது. இந்த மண்ணில் முன்பு தொழிலாளர் குடியிருப்பு இருந்ததற்கு என்ன ஆதாரம்? இருந்ததைக் காட்டினால் விசாரிக்கலாம். காட்ட முடியாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான். அக்காவிடம் இருந்த ஒரே ஆதாரம் பிறப்புப் பத்திரம். அதில் தோட்டத்தின் பெயர் இருந்தது. தோட்டத்தின் எந்த மூலை என்று இல்லை. பிறக்கும்போது அதைக் கேட்டு எழுதச் சொல்லத் தவறிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் வந்து சேர்ந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பழைய நிலப்படங்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர், கோலாலம்பூரில் பாடம் நடத்துகிறவர், எங்கள் வயதுக்கு மகள் மாதிரி. இந்தச் சமவெளி நூறு வருடத்தில் எப்படி எப்படி மாறியது என்று படம் போட வந்திருப்பதாகச் சொன்னார். இதை அவர் மூன்று தடவை விளக்கிய பிறகும் நாலு பேர் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றியே விட்டார். கோவில் தலைவர் மட்டும் விஷயத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். படம் எடுப்பது என்று காதில் விழுந்ததும் சால்வை போர்த்தி, பக்கத்தில் நின்று, படம் எடுத்துக்கொண்டார்.

டாக்டரிடம் ஒரு பழைய தாள் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அளந்து வரைந்தது. எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவரின் தகரப் பெட்டிக்குள் கிடந்து, கிராணி செத்த பிறகு அவர் பிள்ளைகள் கொடுத்தது. அதில் மலையைச் சுற்றி விரல் ரேகை மாதிரி பழுப்புக் கோடுகள் நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தன. நாங்கள் வாழ்ந்த தட்டை நிலத்தில் ஒரு கோடும் இல்லை. மேடு பள்ளம் இல்லாத இடத்தைப் பற்றிச் சொல்வதற்கு அந்தத் துரைக்கு ஒன்றுமில்லை போலிருக்கிறது. ஆனால் ஆற்றோரமாகச் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. அவைதான் லயங்கள். பக்கத்தில் ஒரு கிணற்றுப் புள்ளி. கொஞ்சம் தள்ளி, செம்மண் ரோடு வளைகிற இடத்தில், கோவில் என்று ஒரு குறி. ஒரு கட்டத்தைத் தொட்டு இதுதான் உங்கள் வீடாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அக்கா கையைத் துடைத்துக்கொண்டு தாளைத் தொட்டாள். அரிசியை விடச் சிறியதாக இருக்கிறதே என்றாள். உள்ளே இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது என்றேன்.

தாளில் ஒரு குறை. இடம் எது என்று சொல்லும் எண்கள் ஓரத்தில் இருக்க வேண்டுமாம். ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. எண் இல்லாவிட்டால், அன்றைக்கும் இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிற ஒன்றைப் பிடித்து, பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்த வேண்டும். அதற்குத்தான் நான். கருவி மாட்டிய கோலை அந்த இடத்தில் நட்டுப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நகராத ஒன்றைத் தேடிக் கிளம்பினோம். மலை உச்சியைப் பார்த்தோம். உச்சி இல்லை. பாதி மலையைப் பல வருடமாக உடைத்து எடுத்துப் போய்விட்டார்கள். அது இப்போது ஈப்போவில் பல பேருக்கு வீட்டுத் தரையாக இருக்கிறது. ரயில் பாலத்தைப் பார்த்தோம். மின்சார ரயில் வந்தபோது பாதையையே தள்ளிப் போட்டிருந்தார்கள். ஆற்றைப் பார்த்தோம். ஈயம் தோண்டியவர்கள் ஒரு தடவை திருப்பியிருந்தார்கள், வெள்ளத்துக்குப் பயந்தவர்கள் இன்னொரு தடவை நேராக்கியிருந்தார்கள். அக்கா தன் தோட்டத்துக் கிணற்றைக் காட்டி, இதுதான் படத்தில் இருக்கிற லயத்துக் கிணறு என்றாள். டாக்டர் தயங்கினார். அக்கா சொல்வதை நிரூபிக்கத்தான் படமே போடுகிறோம், அதற்கு அக்கா சொல்வதையே அடிப்படையாக வைத்தால் அலுவலகத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார். படித்தவர் பேச்சு. நியாயமாகத்தான் இருந்தது.

மலை, ஆறு, ரயில் என்று எல்லாமே எழுந்து நடமாடிய ஊரில் நகராமல் இருப்பது என்னதான் என்று அவர் கேட்டபோது, நின்றிருந்த அத்தனை பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள், கோவில் என்று. தலைவர் தன் கைப்பேசியில் திருவிழாப் பதாகையைக் காட்டினார். நூறு ஆண்டுகளாக ஒரே இடத்தில் வீற்றிருக்கும் முனி என்று தங்க எழுத்தில் இருந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பினார். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். அக்காவும் ஆட்டினாள். பெரிய ரோட்டு ஓரக் கோவிலில், முனி கல்லுக்குப் பக்கத்தில் கோலை நட்டுக்கொண்டு ஒரு காலை முழுதும் நின்றேன். அவ்வளவு அசையாமல் யாரும் நின்றதில்லை என்று டாக்டர் பாராட்டினார்.

எனக்குத்தான் தெரியுமே, அந்தக் கல்லைத் தூக்கிய நாலு பேரில் நான் ஒருவன்.

எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்று உண்டு. மரம் வெட்டி மறு நடவு செய்யும்போது லயம் இடம் மாறும். லயம் மாறினால் சாமியும் கூட வரும். தனியாக விட்டுவிட்டு வருவதில்லை. கல்லுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வெட்டி உத்தரவு கேட்பார்கள். ஒரு பெண் நிறைகுடம் எடுத்து முன்னால் நடப்பாள். பின்னால் கல் வரும். வைத்த பிறகு முக்கியமான ஒரு விதி. பழைய இடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. சொன்னால் சாமி காதில் விழுந்து, அங்கேயே திரும்பிப் போய்விடுமாம். யார் கேட்டாலும் சாமி எப்போதும் இங்கேதான் இருந்தது என்று சொல்ல வேண்டும். பத்து வருடம் அப்படிச் சொன்னால் சொல்கிறவர்களே நம்பிவிடுவார்கள். முப்பது வருடம் சொன்னால் பதாகை அடிப்பார்கள்.

லயங்களை இடித்த வருடம், ஆற்றோரத்திலிருந்து பெரிய ரோடு வரைக்கும் முனி வந்தார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. டிரேக்டர் வண்டியில் ஏற்றும்போது கல் என் இடது கால் பெருவிரலில் உட்கார்ந்தது. அந்த விரலில் இன்று வரை நகம் ஒழுங்காக முளைக்கவில்லை. டிரேக்டர் ஓட்டியவர்தான் இன்றைய தலைவர். நிறைகுடம் எடுத்தவள் அக்கா.

மூன்று வாரம் கழித்து டாக்டர் படத்தை அச்சடித்துக் கொண்டுவந்தார். இன்றைய நிலத்தின் மேல் பழைய கறுப்புக் கட்டங்கள் சிவப்பாகப் பொருத்தப்பட்டிருந்தன. லயங்கள் எல்லாம் ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டையின் நடுத் தண்ணீரில் கிடந்தன. கிணறும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. அக்காவின் பந்தல் இருக்கும் இடம் சதுப்பு நிலம் என்று எழுதியிருந்தது. டாக்டர் குரலைத் தாழ்த்தி, இதைக் கொடுத்தால் மனுவுக்கு எதிராகத்தான் போகும், கொடுக்காவிட்டால் கையில் ஒன்றுமில்லை என்றார். விசாரணைக்குப் பத்து நாள் இருந்தது.

அக்கா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப நான் ஈயக் குட்டைக்குள்ளதான் பொறந்தேனா? பரவால்லலா. எங்கம்மாவுக்கு நீச்சல் தெரியும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பந்தலுக்குப் போய், அன்று பறிக்க வேண்டாத பிஞ்சுகளையும் சேர்த்துப் பறிக்க ஆரம்பித்தாள். இத்தனை வருடத்தில் அவள் பிஞ்சில் கை வைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

நான் தலைவரைத் தேடிப் போனேன். ரோட்டோர ஒட்டுக்கடையில் தே குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கோவில் நகர்ந்ததை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் படம் சரியாகிவிடும், அக்கா பிழைத்துக்கொள்வாள் என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கோவிலுக்கும் நிலம் கேட்டு மனு போட்டிருக்கிறோம், ஒரே இடத்தில் நூறு வருடம் என்று அதில் எழுதியிருக்கிறோம், தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் வைபி வந்து அதையே மைக்கில் பேசிவிட்டுப் போயிருக்கிறார் என்று அடுக்கினார். காய்கறி போட இடமா இல்லை, கோவிலுக்கு இடம் கிடைக்குமா என்றார்.

"அண்ணே, நீங்கதானே டிரேக்டர் ஓட்டுனீங்க."

"ஓட்டுனேன். பின்னாடி என்னத்த ஏத்துனீங்கன்னு திரும்பிப் பாக்கல."

என் கணக்கில் இன்னொரு தேயும் குடித்துவிட்டு, ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு ஊர் விஷயம் எதற்கு என்று தன்மையாகவே கேட்டார். வழக்கமாக இப்படி யாராவது கேட்டால் நான் மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அன்றைக்கும் பையைப் பார்த்தேன். அது உர மூட்டைக்குப் பின்னால் இருந்தது. எடுக்கக் குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. நல்லவனாக இருப்பதற்கு முதுகு வலி மாதிரி உதவி வேறில்லை.

காலையில் டாக்டரைச் செம்பனைக்குள் அழைத்துப் போனேன். எங்கே என்று கேட்டார். கோலை எடுத்துக்கொண்டு வாங்க மிஸ் என்று மட்டும் சொன்னேன். விதியை மீறுவது என்று முடிவு செய்த பிறகும் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. காட்டுவது சொல்வதில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பழைய செம்மண் ரோடு வளைகிற இடத்தில் பனை மட்டைகளை விலக்கிப் பாராங் கத்தியால் புல்லை வெட்டினேன். சதுரமாக ஒரு சிமெண்டு மேடை. நடுவில் சூலம் நட்ட இரும்புக் குழாய், துருப்பிடித்து, வாயில் மண் அடைத்துக்கொண்டு நின்றது.

டாக்டர் பழைய தாளை எடுத்தார். ரோட்டு வளைவைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி கேட்டப்ப ஏன் சொல்லல அண்ணே?"

"எல்லாரும் சொன்னதத்தானே மிஸ் நானும் சொன்னேன்."

அவர் திட்டவில்லை. கோலை என் கையில் கொடுத்து மேடை நடுவில் நிற்கச் சொன்னார். நின்றேன். அன்று மாலையே கணினியில் பழைய படத்தை நகர்த்திக் காட்டினார். ரோட்டு வளைவு வளைவின் மேல் விழுந்தது. கிணற்றுப் புள்ளி அக்காவின் கிணற்றின் மேல் விழுந்தது. கறுப்புக் கட்டங்கள் பாவக்காய்ப் பந்தலிலிருந்து சாவிப் பாத்தி வரைக்கும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அக்கா தன் அரிசியைத் தேடிக் கண்டுபிடித்தாள். அது முளை அடித்த இடத்திலிருந்து நாலு எட்டு உள்ளே இருந்தது.

ஆனால் படத்தில் கோவில் இரண்டு இடத்தில் இருந்தது. முன்பு இருந்தது, இப்போது இருப்பது. கோவில் எப்போது, எப்படி இடம் மாறியது என்று ஊரில் யாராவது சொல்லி, அதை எழுதி, பெயரும் கையெழுத்தும் போட வேண்டும், வெறும் சிமெண்டு மேடை போதாது என்றார் டாக்டர். நான் போடுகிறேன் என்றேன். நிலையான முகவரி கேட்டார். எனக்கு அது கிடையாது. வாழ்க்கையில் ஒரு தடவை சாட்சி சொல்லத் துணிந்தேன், அதற்கும் வீடு வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோவில் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். தலைவர் முதலில் டாக்டருக்கு இன்னொரு சால்வை போர்த்தினார். பிறகு, படம் மிக அருமை, அந்தப் பழைய குறியை மட்டும் அழித்துவிட்டால் இன்னும் அருமையாக இருக்கும் என்றார். அழித்தால் லயங்கள் மறுபடி தண்ணீருக்குள் போய்விடும் என்று டாக்டர் விளக்கினார். அக்காவோடு காய்கறி போடுகிற இருபது குடும்பமும் அங்கேதான் இருந்தது. எல்லாருக்கும் உண்மை தெரியும். எல்லாரும் பிரசாதக் கிண்ணத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுண்டலில் அவ்வளவு பார்ப்பதற்கு என்ன இருந்ததோ.

அக்கா எழுந்து முனியைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு அவருக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று பேசினாள்.

"கொடம் எடுத்து முன்னால நடந்தது நான். எங்கருந்து நடந்தேன், எதுவரைக்கும் நடந்தேன்னு என் காலுக்குத் தெரியும். சாமிய நாலு பேரு தூக்கிட்டு எங்க வேணா போலாம். என் பந்தல யாரு தூக்குவா?"

இரண்டு மூன்று பெண்கள் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தலைவர் முனியின் முகத்தைப் பார்த்தார், கேட்டுவிட்டதா என்று பார்ப்பதுபோல. டாக்டர் எழுதி வைத்திருந்த சாட்சியத்துக்குக் கீழே அக்கா தன் பெயரைப் போட்டாள். அவள் போட்ட பிறகு இருபது குடும்பமும் எழுந்து வரிசையில் நின்றது. கையெழுத்துப் போடும்போது ஒவ்வொருவரும் தான் அன்றே சொல்லலாம் என்றிருந்ததாக டாக்டரிடம் சொன்னார். தைரியம் எப்போதும் வரிசையில்தான் வரும், முதல் ஆள் நின்ற பிறகு.

விசாரணைக்குப் பிறகு நில அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிணறு, ரோட்டு வளைவு, மேடை என்று ஒவ்வொன்றாக நடந்து பார்த்தார். கடைசியில், லயம் இருந்த மண்ணைத் தனியாகப் பிரித்து விசாரிக்கிறோம், அது முடியும் வரைக்கும் இங்கே யாரும் கை வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அவரே நின்று, முளைகளைப் பிடுங்கி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அடிக்கச் சொன்னார். கோல் பிடித்தது நான். பிடுங்கியதில் உடைந்த இரண்டு முளைகளை அக்கா எடுத்து வைத்துக்கொண்டாள்.

போகிறபோது அதிகாரி தலைவரிடமும் ஒரு விஷயம் சொன்னார். கோவில் இப்போது இருப்பது வீடு கட்டப் போகிறவர்களின் நிலம். அங்கே எத்தனை வருடம் இருந்தாலும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் படத்தின்படி பழைய மேடை ரோட்டுக்காக அரசாங்கம் ஒதுக்கிய நிலத்தில் இருக்கிறது. கோவில் அங்கே போவதாக இருந்தால் விண்ணப்பம் கொடுங்கள், பார்க்கலாம். தலைவரின் மிடுக்கு போய், பழைய டிரேக்டர் ஓட்டுநரின் முகத்தோடு அவர் அன்று வீட்டுக்குப் போனார்.

நாலு நாள் கழித்து மோட்டார் சைக்கிளை வாய்க்கால் ஓரமாக நிறுத்திவிட்டு எங்கள் குடிசைக்கு வந்தார். கையில் சுருட்டிய தாள். உட்காரவில்லை.

"பெரியவங்க சொன்னாங்கல்ல. பழைய எடத்த வாயால சொன்னா சாமி திரும்பிப் போயிடும்னு. போவுது இப்ப."

அவர் சொன்னது சரி. விதி அப்படியே பலித்திருந்தது, அரசாங்க முத்திரையோடு. கையிலிருந்த தாளை விரித்துக் காட்டினார். புதிய பதாகை. ஆதி இடத்துக்கு மீண்டும் எழுந்தருளும் முனி என்று, அதே தங்க எழுத்தில். நூறு ஆண்டு என்பது அப்படியே இருந்தது. ஒரே இடத்தில் என்பது மட்டும் காணாமல் போயிருந்தது. வைபியிடமும் பேசிவிட்டாராம்.

சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"முதுகு எப்படி இருக்கு?"

"புடிச்சிக்கிட்டுத்தாண்ணே இருக்கு."

"மெதுவாத்தான் தூக்குவோம்லா. அன்னிக்குத் தூக்குன நாலு பேருல உயிரோட இருக்கிறது நீ ஒருத்தன்தான். கல்லு எங்க பிடிச்சா வரும்னு உனக்குத்தான் தெரியும்."

நான் இடது காலைச் சப்பாத்துக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தேன். பந்தலுக்குள், உடைந்த சிவப்பு முளையில் பாவக்காய்க் கொடியைக் கட்டிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள், இந்தத் தடவையும் குடம் தானே எடுப்பதாக. பறிப்பு முடிகிற நாளாகப் பார்த்து வைக்கச் சொன்னாள். தலைவர் தேதியைக் குறித்துக்கொண்டார். நான் காலைத் திரும்பச் சப்பாத்துக்குள் விட்டுக்கொண்டேன்.